சாய்வுப்பாதைக் கட்டடப்பொருள் தெரிவு உபகுழு

மரியோவின்ரை டெக்கைப் பாத்து எனக்குப் பொறாமை. அதை ஒளிச்சு ஒரு பிரயோசனமும் இல்லை. முதலே சொல்லிப்போட்டன் எண்டால் நான் சொல்லப்போற மிச்சத்தை நீங்கள் நம்புவியள்.

ரொறொன்ரோ மோர்னிங்சைட்டிலை எங்கடை ரவுண்ஹவுஸ் தொகுதியிலை ஒட்டி ஒட்டிக் கட்டின ஐம்பத்தெட்டு வீடு. அதிலை முப்பத்தொண்டு தமிழ் வீடு. மரியோ எனக்குப் பக்கத்து வீடு, இத்தாலிக்காரன், தச்சுவேலை. எட்டு வருசத்துக்கு முதல் பின்வளவிலை தானே ஒரு டெக், அதுதான் மரப்பலகை மேடை, அடிச்சவன். மருந்து ஏத்தின மரம். புதிசிலை லேசாய்ப் பச்சை அடிச்சது, இப்ப வெயில் பட்டு வெள்ளிக் கலரிலை நிக்குது. எட்டு விண்ரர் போச்சு, ஒரு பலகை உக்கேல்லை, ஒரு பூச்சி கிட்டப் போகேல்லை. ஒருக்கால் ஒரேயொரு பலகை வெடிச்சது. அந்த ஒண்டை மட்டும் கழட்டி எறிஞ்சுபோட்டு, அவன்ரை மனிசி கோப்பி ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ளை புதுப்பலகையைப் பூட்டிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சான்.

என்ரை பின்வளவிலை சபை போட்டுத்தந்த கொங்கிறீற் கல்லு நாலு கிடக்குது. நாலும் நாலு பக்கம் சாஞ்சு நிக்குது. கதிரை போட்டு இருந்தால் கையிலை இருக்கிற தேத்தண்ணி ஒரு பக்கத்தாலை ஊத்துப்படும்.

சபை எண்டால் எங்கடை தொகுதியின்ரை நிர்வாக சபை. வாசல்படி, வேலி, புல்லு, குப்பை எல்லாத்துக்கும் அதுதான் அதிகாரம். ஆறு வருசத்துக்கு முதல் எங்கடை ஆக்கள் ஒண்டாய் நிண்டு வோட்டுப் போட்டு அதைப் பிடிச்சினம். எனக்குச் சரியான புளுகம். ஊரிலை கிடைக்காத ஆட்சி மோர்னிங்சைட்டிலை கிடைச்சிட்டுது எண்டு நானும் எழும்பி நிண்டு கைதட்டினனான்.

தலைவர் இராசதுரை அண்ணை. ஊரிலை சங்கக்கடைச் சீமெந்துக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாய் இருந்தவர். முப்பது வருசமாய்ச் சீமெந்துப் பையை எண்ணின மனிசன், உலகத்திலை சீமெந்தைத் தவிர வேறை ஒண்டையும் நம்பமாட்டார். செயலாளர் ராகுலன். அவன் பிறம்ரனிலை ஒரு வெயாஹவுஸிலை சூப்பவைசர், எதைக் கேட்டாலும் திரையிலை படம் போட்டுக் காட்டுவான்.

கூட்டம் ஞாயிறு பின்னேரம், தபால் பெட்டிகளுக்குப் பின்னாலை இருக்கிற அறையிலை. முதல் கூட்டத்திலை குத்துவிளக்குக் கொளுத்தினவுடனை புகை மணி அடிச்சு, தீயணைப்பு வண்டி ரெண்டு வந்திட்டுது. வந்தவைக்குப் பொன்னாடை போத்தித்தான் அனுப்பினவை. அதுக்குப் பிறகு பற்றறி விளக்கு. விளக்கேற்றல், மௌன வணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. நன்றியுரைக்கும் தேத்தண்ணிக்கும் இடையிலை ஒரு பத்து நிமிசம் கிடக்கும். தண்ணிக் குழாய் வெடிச்சது, கூரை ஒழுகிறது எல்லாம் அந்தப் பத்து நிமிசத்துக்குள்ளைதான்.

என்ரை மனிசி யோகராணி பத்தொன்பது வருசம் பள்ளிக்கூடச் சமையலறையிலை வேலை செய்தவ. விடிய மூண்டு பஸ் மாறிப் போறவ, வீட்டிலை சும்மா இருக்கத் தெரியாது. போன வருசத்துக்கு முதல் வருசம் தை மாசம் பஸ் தரிப்பிலை ஐஸிலை சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சிட்டுது. ஒப்பரேசன் சரிவரேல்லை. வீல்செயாரோடை வந்தா. எங்கடை வாசலிலை மூண்டு படி. மூண்டே மூண்டு. படிக்கு இங்காலை யோகராணி, அங்காலை ரொறொன்ரோ.

அவ குசினி யன்னலுக்குப் பக்கத்திலை இருந்து நாள் முழுக்க மரியோவின்ரை டெக்கைப் பாத்துக்கொண்டிருப்பா. "அங்கை பாருங்கோ, மரியோவின்ரை மனிசி தக்காளிக்கண்டு வைக்கிறா. அங்கை பாருங்கோ, பேரப்பிள்ளையள் வந்திருக்குதுகள்." முப்பத்தாறு வருசத்திலை இந்த மனிசி என்னை இப்பிடிக் கண்வெட்டாமல் பாத்ததில்லை. மரப்பலகையைப் பாக்கிறா.

மரியோ ஒருநாள் வேலிக்கு மேலாலை எட்டிச் சொன்னான். "நவா, வீல்செயார் இறங்க வாசலுக்கு ஒரு றாம்ப் அடிப்பம். உனக்கு உபகாரமாய். மருந்து ஏத்தின மரம் எடுப்பம், ஒரு சனிக்கிழமை போதும்."

அண்டைக்கு நான் ஓம் எண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நான் என்ன சொன்னன் தெரியுமோ. "வேண்டாம் மரியோ, எங்கடை சபை இருக்குது, அவை செய்து தருவினம்." வாசல் பொதுக்காணி, சபையைக் கேக்கத்தான் வேணும், அது மெய். ஆனால் உள்ளுக்குள்ளை இருந்த கதை வேறை. அவன்ரை டெக்கை எட்டு வருசமாய்ப் பாத்து வெந்தவன் நான். அவன்ரை கையாலை எனக்கும் ஒண்டு பிச்சையாய் வாறதோ. எங்கடை ஆக்கள் கட்டித் தரவேணும், அதுவும் அவன் வாயைப் பிளந்து பாக்கிற மாதிரிக் கட்டித் தரவேணும். யோகராணியை நான் ஒரு வார்த்தை கேக்கேல்லை.

பங்குனி மாசம் மனுக் குடுத்தன். மருந்து ஏத்தின மரத்தாலை ஒரு சாய்வுப்பாதை, அகலம் இவ்வளவு, நீளம் இவ்வளவு. ராகுலன் அதைத் திரையிலை போட்டான். இராசதுரை அண்ணை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு எழும்பினார். வீட்டிலை எங்களைப்போலைதான் கதைப்பார், மைக்கைக் கண்டால் செந்தமிழ் வந்திடும்.

"அன்பார்ந்த வீட்டுரிமையாளர்களே. எங்கள் மூதாதையர் கல்வீடு கட்டி வாழ்ந்தவர்கள். கொட்டிலில் இருந்தவனும் கல்வீடு என்ற கனவோடுதான் கப்பல் ஏறினான். இன்று நவரட்ணம் தம்பி எங்களிடம் மரம் கேட்கிறார். தம்பி கேட்பது சாய்வுப்பாதை அல்ல. இந்த இனம் ஏறி வந்த படியில் இருந்து கீழே இறங்கும் பாதை."

சனம் கைதட்டிச்சுது. நானும் தட்டினன். தட்டி முடியத்தான் அது எனக்கு விழுந்த அடி எண்டு விளங்கினது. பிறகு ஏழு பேர் கொண்ட சாய்வுப்பாதைக் கட்டடப்பொருள் தெரிவு உபகுழு தெரிவாச்சுது. ஏழு பேரிலை ஒருத்தரும் தங்கடை சீவியத்திலை ஒரு ஆணி அடிச்ச ஆக்கள் இல்லை. அந்தத் தகுதி இருந்தால் பக்கச்சார்பு வந்திடும் எண்டு ராகுலன் விளங்கப்படுத்தினான்.

உபகுழு முதல் வேலையாய்ப் பட்டிமன்றம் வைச்சுது. சாய்வுப்பாதைக்குச் சிறந்தது கொங்கிறீற்றா, இரும்பா, பிளாஸ்ரிக் கலந்த பலகையா, மருந்து ஏத்தின மரமா. நடுவர் இராசதுரை அண்ணை. முதல் மூண்டுக்கும் பேச ஆக்கள் அடிபட்டினம். மரத்துக்கு ஒருத்தரும் வரேல்லை. கடைசியிலை நான் மரியோவைக் கூட்டிக்கொண்டு போனன். அவன் இங்கிலிசிலை சொல்லச் சொல்ல நான் தமிழிலை சொன்னன்.

மரியோ ஒரு துண்டுப் பலகையைத் தூக்கிக் காட்டினான். இதைப் பெரிய உருளைக்குள்ளை அடைச்சு, காத்தை உறிஞ்சிப்போட்டு, மருந்துத் தண்ணியை அழுத்தி உள்ளுக்கு ஏத்திறவை. பிறகு பூஞ்சணமும் பூச்சியும் கிட்ட வராது. இங்கை விண்ரரிலை நிலம் இறுகி மேலை எழும்பும், கொங்கிறீற் வெடிக்கும், மரம் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். ரோட்டுக்குப் போடுற உப்பு இரும்பைத் தின்னும், மரத்தை ஒண்டும் செய்யாது. பிளாஸ்ரிக் பலகை வெயிலுக்குக் கொதிக்கும், விலையும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. மரம் எண்டால் கைவாளாலை அரியலாம், பிழைச்சால் திருப்பி அரியலாம், வேண்டாமெண்டால் கழட்டலாம்.

சனம் அவன்ரை கதையைக் கேட்டுச் சிரிக்குது, தலையாட்டுது. எனக்குப் பொறுக்கேல்லை. நடுவிலை ஒரு வசனத்தைச் செருகினன். "இதெல்லாம் நான் அவனுக்குச் சொல்லிக்குடுத்தது." மரியோ ஒண்டும் விளங்காமல் எனக்கும் சேத்துத் தலையாட்டினான்.

அதோடை விட்டிருக்கலாம். அவன் போய்ச் சுவரைத் தட்டினான். டொக் டொக் எண்டு கேட்டுது. "நீங்கள் மரத்தை நம்பேல்லை எண்டால் எப்பிடி இந்த வீடுகளிலை நித்திரை கொள்ளுறியள்? வெளியிலை தெரியிற செங்கல்லு சும்மா சுத்தி உடுத்தின சேலை. வீட்டைத் தாங்கிறது உள்ளுக்கு நிக்கிற மரச்சட்டம். ஐம்பத்தெட்டு வீடும் மரவீடுதான்."

சேலை எண்டது நான் போட்டது, மிச்சம் அவன் சொன்னது. இருபத்திரண்டு வருசமாய் ஊருக்கு ரெலிபோன் எடுத்துக் கனடாவிலை கல்வீட்டிலை இருக்கிறன் எண்டு சொன்ன மனிசன், நடுவர் கதிரையிலை இருந்து சுவரைப் பாத்தார். பிறகு மைக்கைப் பிடிச்சார்.

"மரியோ அவர்கள் கடைசியாகச் சொன்ன தகவல் சபைக் குறிப்பில் இடம்பெறாது. அது இந்த அறைக்கு வெளியே போகவும் கூடாது. நாங்கள் கல்வீட்டில் வாழும் சமூகம் என்பது பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றப்பட்ட தீர்மானம். ஒரு சுவரைத் தட்டிப் பார்த்து அதை மாற்ற முடியாது."

தீர்ப்பு அதைவிடத் திறம். "மரம் மலிவு என்று நிறுவப்பட்டது. விரைவாகக் கட்டலாம் என்று நிறுவப்பட்டது. பழுது வந்தால் ஒரு பலகையைக் கழற்றினால் போதும் என்றும் நிறுவப்பட்டது. இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஒரு மனிதன் ஒரு நாளில் தானே கட்டி, தானே திருத்திக்கொள்வான் என்றால் சபை எதற்கு? கொங்கிறீற் அப்படி அல்ல. அது வெடித்தால் கூட்டம் வைக்கலாம், விசாரணை வைக்கலாம், அறிக்கை வெளியிடலாம். ஆகவே மரம் வென்றது என்று அறிவித்து, மற்ற மூன்றையும் பரீட்சித்துப் பார்க்கும்படி உபகுழுவுக்குப் பணிக்கிறேன்."

வீட்டை வந்து யோகராணிக்குச் சொன்னன், மரம் வெண்டிட்டுது எண்டு. "அப்ப எப்ப அடிக்கினம்?" எண்டு கேட்டா.

ஆடி மாசம் பிளாஸ்ரிக் பலகையிலை ஒரு மேடை மாதிரிச் செய்து வெயிலிலை வைச்சினம். கடும் மண்ணிறம். பரீட்சை எண்டாலும் விளக்கேத்தாமல் தொடங்கக்கூடாது, விளக்கேத்திறதெண்டால் செருப்புக் கழட்டவேணும். மத்தியானம் ஒரு மணி. இராசதுரை அண்ணை வெறுங்காலோடை ஏறினார். ஏறின வேகத்திலேயே வேட்டியைத் தூக்கிக்கொண்டு புல்லுக்குப் பாஞ்சார். "பிளாஸ்ரிக் பலகை தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதது" எண்டு அறிக்கை வந்தது. ஐப்பசியிலை இரும்புத் தட்டு. மழைக்குள்ளை ரெண்டு கிழமை கிடந்து கறள் பிடிச்சதிலை அண்ணை போய் இருந்து படம் எடுப்பிச்சார், வேட்டியிலை பின்பக்கம் ஒரு பெரிய மண்ணிற வட்டம். அதுக்கு அறிக்கை வெளியிடேல்லை.

இடையிலை ஆவணியிலை யோகராணியின்ரை தங்கச்சி மகள் சுபாங்கிக்குப் பிறம்ரனிலை கலியாணம். சின்னனிலை யோகராணி வளத்த பிள்ளை. எப்பிடிப் போறது எண்டு நான் சபையிலை கேட்டுப்போட்டன். கலியாணத்தண்டு விடிய உபகுழு முழுக்க வாசலிலை நிக்குது. நாலு பேர் வீல்செயாரோடை அவவைத் தூக்கிச்சினம், சாமி தூக்கிற மாதிரி. பட்டுச்சேலையோடை அவ அந்தரத்திலை. "கொஞ்சம் அப்பிடியே பிடியுங்கோ" எண்டு ராகுலன் படம் எடுத்தான். தலைவர் படத்துக்குள்ளை வரவேணும் எண்டு அவர் ஒரு கையை வைக்க, கதிரை சரிஞ்சு அவவின்ரை ஒரு செருப்பு விழுந்திட்டுது. அந்தப் படம் ஆண்டு மலரிலை முன்பக்கம். கீழை "சபையின் தோள்களில்" எண்டு போட்டிருந்தினம்.

கலியாணத்தாலை வந்து அவ சொன்னது ஒண்டே ஒண்டுதான். "இனி என்னை ஒருத்தரும் தூக்க வேண்டாம்." அதுக்குப் பிறகு, ஆக்கள் தூக்கி இறக்கிப் போற பிசியோப் பயிற்சிக்கும் போகேல்லை. யன்னலுக்குப் பக்கத்திலை இருக்கிறதையும் விட்டு, வீல்செயாரைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டிட்டா. எனக்கு மரியோவிலை இருந்த பொறாமை அண்டைக்கு மாறி, நாலு காலிலை வெளியிலை ஓடித்திரியிற அவன்ரை நாயிலை வந்திட்டுது.

கார்த்திகையிலை எங்கடை வாசலிலை கொங்கிறீற் பரீட்சை. மரப் பாதைக்கே சம்மதிக்காத சபை, அடிக்கல் நாட்டு விழா எண்டவுடனை கலியாண வீட்டுக்காரர் மாதிரி ஓடித் திரிஞ்சுது. ஆறடித் துண்டு ஒண்டு ஊத்தி, ஈரம் காய முந்தி உபகுழு ஏழு பேரும் தலைவரும் உள்ளங்கை பதிச்சினம். மாசியிலை அது குறுக்காலை வெடிச்சுது. சரியாய்த் தலைவரின்ரை உள்ளங்கைக்கு நடுவாலை. விசாரணைக் குழு மூண்டு தரம் கூடி, குற்றவாளி காலநிலை எண்டு கண்டுபிடிச்சுது.

ஆயுள்ரேகையிலை வெடிப்பு எண்டு தலைவரின்ரை மனிசி இராசமணி அக்கா சொன்னாவாம். அதோடை அண்ணைக்குக் கொங்கிறீற்றிலை பிடிப்பு விட்டுப்போச்சு. பங்குனிக் கூட்டத்திலை மரத்துக்கு அனுமதி கிடைச்சுது. மனுக் குடுத்துச் சரியாய் ஒரு வருசம்.

வைகாசியிலை ஒரு சனிக்கிழமை, அவன் சொன்ன மாதிரியே ஒரு சனிக்கிழமை, மரியோ அடிச்சு முடிச்சான். விடிய எட்டுக்குத் தொடங்கி, கோப்பிக்கு ரெண்டு தரம் இருந்து, பின்னேரம் அஞ்சுக்கு முடிஞ்சுது. வெட்டின முனையளுக்கெல்லாம் தூரிகையாலை மருந்து பூசினான். வாளிக்குள்ளை என்ன தீர்த்தமோ எண்டு இராசதுரை அண்ணை கேட்டு, தானும் ஒருக்கால் தொட்டுப் பூசினார். நான் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டன். அந்த வருசம் முழுக்க நான் எதுக்குக் காத்திருந்தனான் எண்டு என்னை நானே கேக்க எனக்கு வெக்கமாய் இருந்தது.

திறப்பு விழா அடுத்த நாள். மிச்சத் துண்டுப் பலகையளை அடுக்கி ஒரு சின்ன ஓமம் வளப்பம் எண்டு ஆரோ ஒழுங்கு பண்ணி நெருப்பும் வைச்சாச்சு. மரியோ ஒரு வாளித் தண்ணியோடை வேலியாலை ஏறிக் குதிச்சான். மருந்து மரத்தை எரிச்சால் புகை நஞ்சு எண்டு அவன் கத்தினதை நான் தமிழ்ப்படுத்த முந்தி ஓமம் அணைஞ்சிட்டுது. ஐயருக்குச் சரியான கோபம். தலைவர் நிலைமையைச் சமாளிச்சு, "தீயிலும் எரிய விடாத மரம்" எண்டு தன்ரை உரையைத் தொடங்கினார்.

அவர் பேசிக்கொண்டிருக்கேக்கை யோகராணி கதவைத் திறந்தா. ஒருத்தரையும் கேக்கேல்லை. கையாலை சில்லை உருட்டிக்கொண்டு இறங்கினா, கட்டியிருந்த திறப்பு நாடாவை முழங்காலாலை அறுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி, பாக்கிங்கைத் தாண்டி, ரோட்டுக்குப் போனா. பதினாறு மாசத்துக்குப் பிறகு தன்ரை பாட்டிலை, ஒருத்தரும் தூக்காமல். பின்னாலை போவமோ எண்டு யோசிச்சன். ஆனால் எனக்கு அப்ப பொன்னாடை போத்திக்கொண்டிருந்தினம்.

அந்தப் பொன்னாடைதான் என்னைக் கெடுத்தது. ஒரு வருசம் பொறுமையாய் நிண்டு வெண்ட மனிசன் எண்டு அடுத்த தேர்தலிலை என்னைச் சபைக்குத் தெரிவு செய்தினம். உபகுழுத் தலைவரும் நான்தான். சனம் என்ரை றாம்பைப் பாக்க வந்தது, மார்க்கம் எண்ட பக்கத்து ஊரிலை பெரிய தனிவீட்டிலை இருக்கிற ஆக்களும் வந்து தடவிப் பாத்திட்டு, "நல்லாய் இருக்குது அண்ணை" எண்டு பெருமூச்சு விட்டினம். மற்றவை என்னைப் பாத்து எரியிறது என்ன மாதிரி இருக்கும் எண்டு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நல்லாய்த்தான் இருந்தது.

போன மாசம் கூட்டத்துக்கு நாப்பத்திரண்டாம் வீட்டு டெனிஸ்டன் வந்தான். ற்றக் ஓடினவன், ஐம்பது வயசு வராது. சீனி வருத்தத்தாலை ஒரு கால் எடுத்தாச்சு. அவன்ரை வாசலிலை நாலு படி, பெடியனும் தம்பியும் தூக்கித்தான் இறக்கிக்கொண்டு வந்தவை. மனுவோடை மரியோ கீறின படம். மருந்து ஏத்தின மரத்தாலை சாய்வுப்பாதை. படத்தை நான் கிட்ட வைச்சுப் பாத்தன். நடுவிலை ஒரு திருப்பம், திருப்பத்திலை அகலமாய் ஒரு தளம், தளத்திலை மேப்பிள் மரத்தடியிலை ஒரு வாங்கு. வந்த ஆக்கள் இருந்து கதைக்கிறதுக்காம்.

எங்கடை றாம்பிலை வாங்கு இல்லை. எங்களுக்கு அடிக்கேக்கை மரியோ வாங்கைப் பற்றி மூச்சு விடேல்லை.

நான் எழும்பி மைக்கைப் பிடிச்சன். எனக்கும் செந்தமிழ் வந்தது.

"அன்பார்ந்த வீட்டுரிமையாளர்களே. டெனிஸ்டன் அவர்களின் துயரத்தை என்னைவிட அறிந்தவர் இந்த அறையில் இல்லை. அவருடைய கோரிக்கையை மனமார ஆதரிக்கிறேன். ஆதரிப்பதால்தான் அவசரப்படக் கூடாது என்கிறேன். மரத்தின் சிறப்பை நிறுவியவர்கள் நாங்கள். அதை யாரும் எப்படியும் கட்டலாம் என்றால் எங்கள் தியாகத்துக்கு என்ன மதிப்பு? எனவே ஒரு உபகுழு அமைத்து..."

கைதட்டல். இராசதுரை அண்ணை கண் கலங்கித் தலையாட்டினார்.

பின்வரிசையிலை இருந்து யோகராணி கேட்டா. "எத்தினை மாசம்?"

"நடைமுறை எண்டு ஒண்டு இருக்கெல்லே" எண்டன்.

அவ என்னைப் பாக்கேல்லை. டெனிஸ்டனைப் பாத்துத்தான் சொன்னா. "தம்பி, உவருக்கு மரமும் பிரச்சினை இல்லை, றாம்பும் பிரச்சினை இல்லை. அந்த வாங்கு எங்களிட்டை இல்லை, உம்மட்டை வரப்போகுது. அதை வெட்டிவிடும், இண்டைக்கே கையெழுத்து வைப்பார்."

டெனிஸ்டன் வீல்செயாரை உருட்டி முன்னுக்கு வந்து, "அண்ணை, பேனை இருக்கோ?" எண்டான். குடுத்தன். வாங்குக்கு மேலாலை ரெண்டு கோடு கீறிப்போட்டு, படத்தை என்ரை பக்கம் தள்ளினான்.

"இப்ப சரியோ அண்ணை?"

நான் ஒருக்கால் வடிவாய்ப் பாத்தன். வாங்கு இல்லாமல் பாக்க அது எங்கடை றாம்ப் மாதிரியேதான் இருந்தது, குறை சொல்ல ஒண்டும் இல்லை. கையெழுத்து வைச்சன். ஏகமனதாக நிறைவேறியது எண்டு ராகுலன் குறிப்பிலை எழுதினான். யோகராணி அதுக்குள்ளை சில்லை உருட்டிக்கொண்டு வெளியிலை போயிட்டா, அதாலை அவவின்ரை வோட்டை எண்ணேல்லை.